கடலடி எரிமலைப் பாடம்: வகுப்பறைக் குறிப்புகள்

ஜூலை 8, 2024
ஒன்பதாம் வகுப்பில் எரிமலைகள் ஆரம்பம். தெரிந்த எரிமலைகளைச் சொல்லச் சொன்னேன். ஃபுஜி, எட்னா, வெசுவியஸ் என்று எல்லாமே நிலத்தில் இருப்பவை. பூமியிலிருந்து வெளிவரும் பாறைக்குழம்பில் சுமார் முக்கால் பங்கு கடலுக்கு அடியில்தான் வருகிறது என்றதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. பெருங்கடல்களின் நடுவே சுமார் 65,000 கி.மீ. நீளத்துக்கு ஓடும் மலைத்தொடரை வரைபடத்தில் விரலால் தொடர்ந்து பார்த்தார்கள். மணி அடித்தும் இரண்டு பேர் நகரவில்லை.

ஜூலை 9
இன்று முழுக்க ஒரே கேள்வி: பாறை ஏன் உருகுகிறது?

பூமியின் மேலோட்டுக்குக் கீழே எல்லாமே குழம்பு என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் நினைக்கிறார்கள். படங்களில் கவசத்தை, அதாவது மேலோட்டுக்கு அடியில் உள்ள தடித்த அடுக்கை (mantle), செக்கச்செவேலென்று தீட்டுவதுதான் காரணம் என்பது என் எண்ணம். உண்மையில் கவசம் திடப்பாறை. 1,300 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் மேலிருந்து அமுக்கும் பாரம் அதை உருக விடாது. பூமியின் மேற்பரப்பு பெரிய பெரிய பாறைத் தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. நேற்றுப் பார்த்த கடல் நடு மலைத்தொடர் போல, தட்டுகள் விலகும் இடத்தில் அந்தப் பாறை மெல்ல மெல்ல மேலே ஏறுகிறது. அழுத்தம் குறையக் குறைய, புதிதாகச் சூடு ஏறாமலே அதில் கொஞ்சம் உருகிவிடுகிறது.

“சூடாக்காம எப்படி மிஸ் உருகும்?” என்று ஒருவன் விடவே இல்லை. ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுவதைச் சொன்னேன். அங்கே காற்றழுத்தம் குறைவு, அதனால்தான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தானே எழுந்து வந்து கரும்பலகையில் படம் போட்டு விளக்கினான். எவ்வளவு சந்தோஷம் எனக்கு!

ஜூலை 11
வீடியோ காட்டினேன். கடல்தளத்தில் லாவா கசிந்து, மேல்தோல் சட்டென இறுகி, உருண்டை உருண்டையாகக் குவிகிறது. தலையணை லாவா. 2,500 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நம் காற்றழுத்தத்தைப்போல் சுமார் 250 மடங்கு. வாயுவும் நீராவியும் விரிய அங்கே இடமில்லை. பெரும்பாலும் அமைதியாகத்தான் வழிகிறது. ஆழம் குறைந்தால் கதையே வேறு. 2022 ஜனவரி 15 அன்று பசிபிக் தீவு நாடான டோங்காவில் வெடித்தது ஆழமற்ற கடலில் இருந்த எரிமலை. சாம்பல் சுமார் 57 கி.மீ. உயரம் போனது.

ஜூலை 15
அந்தமான் கடலில் உள்ள எரிமலைத் தீவான பாரன் தீவு. கடலுக்கு மேலே தெரிவது 350 மீட்டர் சொச்சம்தான். அடிவாரம் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே. அங்கே இந்தியத் தட்டு இன்னொரு தட்டின் அடியில் அமிழ்கிறது. கூடவே கொண்டுபோகும் நீர் ஆழத்தில் வெளியேறி, மேலே உள்ள கவசப் பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. பாறையை உருக்குவது தண்ணீர்! இதைப் புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். ஒரு வகுப்பு முழுவதும் கொடுத்தேன்.

அடுத்து ஹவாய். அங்கே தட்டுகள் விலகவும் இல்லை, அமிழவும் இல்லை. ஆனாலும் கடலுக்குள் சுமார் 975 மீட்டர் ஆழத்தில் ஒரு எரிமலையின் உச்சி இருக்கிறது. காரணத்தை யோசித்து வரச் சொல்லியிருக்கிறேன்.