கொண்டி

டிசம்பர் 18, 2023

நேற்றிலிருந்து விடாத மழை. தண்ணீர் புகுந்த வீட்டுக்காரர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருக்கிறார்கள். குழு அக்காமாரோடு நானும் சமையலுக்குப் போனேன். சாயங்காலம் கட்டன்சாயா கொடுத்தபோது ஆண்கள் இரண்டாவது கிளாஸ் கேட்டார்கள். குமரிப் பிள்ளைகள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

கழிப்பறை மைதானத்தின் கடைசியில். விளக்கு கிடையாது, கதவில் கொண்டியும் கிடையாது. இதை நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமா? சுனாமி மணக்குடிப் பாலத்தையே தூக்கி எறிந்த பிறகு, 2005-ல் தார் ஷீட் கொட்டகையில் இருந்தவள் நான். அப்போது 17 வயது. பொழுது சாய்ந்தால் தண்ணீர் குடிக்க மாட்டோம். இருட்டில் தனியாகப் போன ஒருத்திக்கு என்ன நடந்தது என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசவில்லை.

டிசம்பர் 19

கொண்டி கேட்டேன். "ரெண்டு நாளைக்குத்தானே அக்கா" என்றார் பொறுப்பிலிருந்த தம்பி. முகாமில் 20 பேருக்கு ஒரு கழிப்பறை, பெண்களுக்குத் தனியாக, உள்ளே தாழ்ப்பாள், வழியில் வெளிச்சம் என்று உலகம் முழுக்க நிவாரண வேலைக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கைச் சொன்னேன். சிரித்தார். சரி என்று நானே வாங்கிவந்தேன். முகாமிலிருந்த ஆசாரி அண்ணன் பத்தே நிமிடத்தில் அடித்துக் கொடுத்தார்.

ராத்திரி சாயா மிஞ்சவில்லை.

டிசம்பர் 21

ஒருத்திக்குக் கண்ணுக்குக் கீழே கன்றியிருந்தது. "வழுக்கி விழுந்துட்டேங்க்கா." நான் ஒன்றும் கேட்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். பாதி கூடை முடிந்த பிறகு அவளாகவே சொன்னாள். புருஷனுக்கு வேலை இல்லை, கையில் காசு இல்லை, அவள் தாலிச்சங்கிலியைக் கழற்றித் தரவில்லை.

"பாவம், அவனுக்கு எல்லாம் போச்சுல்லா" என்றார் ஒரு பெரியவர். அவளுக்கு மட்டும் என்ன மிச்சம் இருக்கிறதாம்?

பெண்கள் உதவி எண் 181 என்று எழுதிக் கொடுத்தால் அவன் கண்ணில் படும். அதனால் வாயால் சொல்லி மனப்பாடம் பண்ண வைத்தேன். அடிப்பது மட்டுமல்ல, நகையைப் பிடுங்குவதும் சட்டப்படி குடும்ப வன்முறைதான் என்றேன். நாங்கள் கொட்டகையில் கிடந்தபோது அந்தக் குடும்ப வன்முறைச் சட்டம் நடப்பில் இல்லை, 2006 அக்டோபரில்தான் வந்தது.

டிசம்பர் 22

முகாம் கலைந்தது. அவள் அவனோடுதான் போனாள்.

டிசம்பர் 26

பூசை முடிந்து சித்தி வீட்டுக்குப் போனேன். இரண்டு பிள்ளைகளையும் அலைக்குக் கொடுத்தவள். அப்படிப்பட்ட பெண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டை மாற்றும் ஆபரேஷனை அரசு இலவசமாகச் செய்தது. விரும்பிப் போனவர்கள் உண்டு. சித்தியை மாமியார் இழுத்துக்கொண்டு போனாள். பிள்ளை தரிக்கவில்லை. "ஒண்ணுக்கும் ஆகாதவ" என்று சித்தப்பா அடிப்பதை, ஷீட் சுவருக்கு இந்தப்பக்கம் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

2017-ல் ஒக்கி புயல் சித்தப்பாவைக் கொண்டுபோனது. அரசு கொடுத்த 20 லட்சத்துக்கு அவர் வீட்டு ஆட்கள் பாஸ்புக்கைக் கேட்டு வந்தபோது, சித்தி கதவைத் திறக்கவே இல்லை.

முகாமில் பார்த்தவளைப் பற்றிச் சொன்னேன்.

"போன் பண்ணினாளா மக்கா?"

"இல்ல சித்தி."

முந்திரிக்கொத்தை இரண்டு பொட்டலமாகக் கட்டினாள். "ஒண்ண அவளுக்குக் குடு. அந்தச் சாக்கில போயிப் பாரு."