தோலை உரித்துப் பார்க்காத நாள்

மேற்கு டெக்சாஸில் கால்நடை மருத்துவராகச் சேர்ந்த முதல் வருடம் நான் செய்த பெரிய தப்பு, செத்துக் கிடந்த ஆட்டை நின்றபடியே பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னது.

பிப்ரவரி கடைசி, குட்டி போடும் பருவம். சான் ஆஞ்சலோவிலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் வண்டியில் போனால் வரும் பண்ணை. சுண்ணாம்புக் கல் தரை, முள்மரம், கண்ணுக்கு எட்டிய வரை கம்பிவலை வேலி. பண்ணைக்காரருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். ஒரு தாயாடு பக்கவாட்டில் கிடந்தது. தொண்டையில் ரத்தம், வயிறு கிழிந்து குடல் வெளியே. “கையோட்தானே, டாக்?” என்றார். கேட்டது கேள்வி மாதிரி இருந்தது, ஆனால் பதிலை அவர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். நான் ஊருக்குப் புதிது. நாமக்கல்லில் படித்து, வெளிநாட்டில் படித்தவர்களுக்கு அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் வைக்கும் தேர்வுகளை எல்லாம் எழுதி முடித்து அப்போதுதான் வந்திருந்தேன். ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி என்று ஆட்டு நோய்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கடிபட்ட ஆடு அவ்வளவு பழக்கமில்லை. “ஆமாம், அப்படித்தான் தெரிகிறது” என்று தலையை ஆட்டிவிட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

கையோட் என்று அவர் சொன்னது கயோட்டியை. நகரத்துக்காரர்கள் ‘கையோட்டி’ என்பார்கள், பண்ணைக்காரர்கள் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவார்கள். மெக்சிகோவின் நாவாட்டல் மொழியில் கோயோட்ல். அதை ஸ்பானியர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஓநாயைவிடச் சிறிது, நம் ஊர்க் குள்ளநரியைவிடக் கொஞ்சம் பெரிது. இந்தப் பக்கத்தில் 12 முதல் 15 கிலோ வரை இருக்கும். எலி, முயல், சப்பாத்திக்கள்ளிப் பழம், செத்த மான் என்று எது கிடைத்தாலும் தின்னும். ஆட்டுக்குட்டி கிடைத்தால் அதையும்தான்.

என் தலையாட்டலுக்குப் பிறகு மூன்று வாரத்தில் அந்தப் பண்ணையில் பதினோரு கயோட்டிகள் செத்தன. வேலிக்கு அடியில் அவை நுழையும் பள்ளங்களில் சுருக்குக் கம்பி வைத்தார்கள், விடிகாலையில் துப்பாக்கியோடு உட்கார்ந்தார்கள். செத்தவற்றை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் வேலிக் கம்பங்களில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார் பண்ணைக்காரர். அங்கே அது பழைய வழக்கம். மற்றக் கயோட்டிகளுக்கு எச்சரிக்கை என்பார்கள். கயோட்டி அதைப் படிக்குமா தெரியாது, பக்கத்துப் பண்ணைக்காரர்கள் படிப்பார்கள்.

ஆடு சாவது மட்டும் நிற்கவில்லை. இன்னும் ஒன்பது போயின.

ஒருநாள் அவர் கிளினிக்குக்கு வந்து, ஒரு படத்தை மேஜைமேல் வைத்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவர் கட்டியிருந்த தானியங்கிக் கேமரா எடுத்தது. நேரம் அதிகாலை மூன்று பத்து. இரண்டு நாய்கள். ஒன்று, சான் அன்டோனியோவிலிருந்து வாரக்கடைசிக்கு மட்டும் வந்து போகிறவர்களின் நாய். இன்னொன்று அவருடையது. அவர் வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும், பேரப்பிள்ளைகள் காதைப் பிடித்து இழுத்தால் வாலை ஆட்டும். போன மாதம்தான் அதற்கு நான் ரேபிஸ் ஊசி போட்டிருந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. படத்தைத் திரும்ப எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அந்த நாயை அடுத்த வருடம் ஊசிக்குக் கொண்டுவரவில்லை. நானும் கேட்கவில்லை.

கிளினிக்கின் பெரிய டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “கழுத்தை உரித்துப் பார்த்தாயா?”

அந்த வாரக்கடைசியில் அவரே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். தாடைக்கு அடியிலிருந்து மார்புவரை கத்தியால் ஒரே கோடு. தோலைக் கையால் பிரித்து உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும். வெளியே கம்பளி மறைத்துவிடும், உள்ளே எதையும் மறைக்க முடியாது. உயிரோடு இருக்கும்போது பல் இறங்கியிருந்தால் தோலுக்கு அடியில் ரத்தம் கட்டிக் கருஞ்சிவப்பாக, ஜெல்லி மாதிரி நிற்கும். செத்தபிறகு கடித்திருந்தால் ஓட்டை இருக்கும், ரத்தக்கட்டு இருக்காது. கயோட்டி தேர்ந்த கசாப்புக்காரன். தாடைக்குக் கீழே, குரல்வளையில் ஒரே பிடி. ஆடு மூச்சுமுட்டிச் சாகும், மூச்சுக்குழாயை வெட்டினால் நுரை வரும். பிறகு விலாவுக்குப் பின்னால் பக்கவாட்டைத் திறந்து தின்னும். பால் குடித்த குட்டி என்றால் பால் நிறைந்த இரைப்பைதான் அதற்கு முதல் பலகாரம். நாய்க்கு இந்த ஒழுங்கு கிடையாது. பசி இல்லாமல் விளையாட்டுக்குத் துரத்தும். பின்னங்கால், வால், காது என்று கிடைத்த இடத்தில் பிடுங்கும். ஒன்றைத் தின்னாமல் ஒன்பதைக் குதறிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

குட்டி செத்துக் கிடந்தால் முதலில் குளம்பைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். பிறந்த குட்டியின் குளம்பு நுனியில் மஞ்சளாக, ரப்பர் மாதிரி மெத்தென்று ஓர் உறை இருக்கும். நாலடி நடந்தாலே அது தேய்ந்துவிடும். உறை அப்படியே இருந்தால் அந்தக் குட்டி எழுந்து நிற்கவே இல்லை. நுரையீரலில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டால், மூச்சு விடாமல் பிறந்த குட்டியுடையது மூழ்கும். கயோட்டி செத்த பிண்டத்தைத் தின்றிருக்கும், அவ்வளவுதான். கொலைப்பழி சும்மா.

என் முதல் ஆட்டில் பின்னங்கால் சதை கந்தலாகக் கிடந்தது இப்போது ஞாபகம் வருகிறது. அன்று பார்த்தேன், பார்க்கவில்லை.

பண்ணைக்காரர்களின் கோபத்தைத் தூரத்தில் இருந்துகொண்டு பரிகாசம் செய்வது சுலபம். எட்வர்ட்ஸ் பீடபூமி என்று சொல்லப்படும் இந்தக் கல்லுக்காடு ஒரு காலத்தில் அமெரிக்காவின் கம்பளிக் களஞ்சியம். 1940களில் டெக்சாஸில் ஒரு கோடிக்கும் மேல் செம்மறிகள் இருந்தன. இன்று சுமார் ஏழு லட்சம். கம்பிவலை வேலி போட்டு, சுருக்கு வைத்து, விஷம் வைத்து, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பீடபூமியின் பெரும்பகுதியில் கயோட்டியே இல்லை என்கிற நிலைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அப்புறம் செயற்கை இழை வந்தது, கம்பளி விலை விழுந்தது, 1954-லிருந்து கொடுத்துவந்த அரசு மானியத்தை 1990களில் நிறுத்தினார்கள். ஆட்டுப் பண்ணைகள் மான் வேட்டைக் குத்தகைக்கும் வாரக்கடைசி வீடுகளுக்கும் துண்டு துண்டாகப் போயின. அந்த நிலங்களில் கயோட்டியைத் துரத்த யாருக்கும் அக்கறை இல்லை. விடாமல் ஆடு வளர்க்கிறவர் இப்போது நாலு பக்கமும் கயோட்டி சூழ்ந்த தீவில் இருக்கிறார். இருநூறு குட்டியில் முப்பது போனால் அந்த வருட லாபம் போயிற்று.

ஆனால் கயோட்டிகளை எண்ணிக்கை எண்ணிக்கையாகக் கொன்று இதைத் தீர்க்க முடியாது என்பதும் அரை நூற்றாண்டாகத் தெரிந்த சேதி. கானலி, லாங்ஹர்ஸ்ட் என்ற இரண்டு கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் 1975-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒவ்வொரு வருடமும் நூற்றுக்கு எழுபத்தைந்து கயோட்டியைக் கொன்றாலும் ஒழித்துக்கட்ட ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகும். கூட்டம் குறைந்தால் மிஞ்சியவற்றுக்கு இரை கூடுகிறது, ஒரு வயதுப் பெண்ணும் குட்டி போடுகிறது, போடுகிற குட்டியில் அதிகம் பிழைக்கிறது. மத்திய வேளாண் துறையின் வனவிலங்குப் பிரிவு மட்டுமே வருடத்துக்கு அறுபதாயிரத்துக்கு மேல் கொன்றிருக்கிறது. ஆனாலும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பு கயோட்டியே இல்லாத கிழக்கு மாநிலங்கள் வரை அது பரவிவிட்டது.

கலிஃபோர்னியாவின் ஹாப்லண்ட் ஆய்வுப் பண்ணையில் வேறொன்றைக் கண்டார்கள். ஆட்டைக் கொல்வது பெரும்பாலும் எல்லாக் கயோட்டிகளும் அல்ல, அந்த இடத்தைத் தன் எல்லையாக வைத்திருக்கும் ஜோடி. குட்டிகளுக்கு இரை தேவைப்படும் வசந்தகாலத்தில் அதுதான் கைவரிசையைக் காட்டும். வேலியில் தொங்கிய அந்தப் பதினொன்றில் எத்தனை ஆட்டு ருசி அறிந்தவை என்று அடிக்கடி யோசிப்பேன்.

வேட்டைக்கு நான் போனது ஒரே ஒரு தரம். இரண்டு வருடம் கழித்து, மே மாதம், வேறொரு பண்ணை. பத்து நாளில் பதினான்கு குட்டிகள். ஒவ்வொன்றையும் உரித்தேன். பன்னிரண்டில் குரல்வளையில் அதே ஒற்றைப் பிடி. என் வாயால் சொல்லி அனுப்பும் சாவைக் கண்ணால் பார்க்காமல் இருப்பது சரியில்லை என்று தோன்றியதால், வேட்டைக்காரரோடு கிளம்பினேன்.

நாலரை மணிக்கு வண்டியை அரை மைல் தள்ளி நிறுத்தினோம். கதவை அடிக்காமல் சாத்தச் சொன்னார். காற்று முகத்தில் வரும்படி ஒரு புதருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தோம். ஐம்பது கஜம் முன்னால் சின்ன ஒலிபெருக்கி. வழக்கமாக அடிபட்ட முயலின் அலறலைப் போடுவார்கள். அவர் அன்று போட்டது கயோட்டிக் குட்டி வலியில் கத்தும் சத்தம். குட்டி வைத்திருக்கும் ஜோடி அதற்குத்தான் வரும் என்றார். இரண்டு நிமிடத்தில் ஆண் வந்தது. நேராக வரவில்லை, காற்றை மோப்பம் பிடிக்க வளைந்து சுற்றி வந்தது. அது எங்கள் வாடையைப் பிடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் சுட்டார். ஓடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பெண் நேராகவே வந்தது, ஓட்டமாக.

பக்கத்தில் போய்ப் பார்த்தபோது மடிக்காம்பைச் சுற்றி ரோமம் ஈரமாக ஒட்டியிருந்தது. வேட்டைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல், “வளையைத் தேடவேண்டும், பட்டினியில் விடமுடியாது” என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் வண்டியில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணால் பார்ப்பது என்ற என் தர்மம் அதுவரைக்கும்தான் போயிற்று. அந்தப் பண்ணையில் அந்த வசந்தம் முழுக்க அதன்பிறகு குட்டி சாகவில்லை. யூட்டாவில் ஜோடிகளைக் கொல்லாமல் கருத்தடை செய்து விட்டுப் பார்த்திருக்கிறார்கள். எல்லையை அவை காத்துக்கொண்டன, ஊட்டக் குட்டி இல்லாததால் ஆட்டைக் கொல்வது குறைந்தது. அழகான யோசனை. ஒவ்வொன்றையும் உயிரோடு பிடித்து அறுவைசிகிச்சை செய்ய எந்தப் பண்ணைக்காரரிடம் காசு இருக்கிறது?

பரிசுப்பணம் வைத்து, ஒரே வாரக்கடைசியில் யார் அதிகம் சுடுகிறார்கள் என்று நடத்தும் போட்டிகள் மேல் எனக்குத் துளி மரியாதை கிடையாது. ஆட்டைக் காக்கத்தான் என்பார்கள், ஆடே இல்லாத நிலத்தில் சுடுவார்கள். கலிஃபோர்னியா 2014-லும் நியூ மெக்சிகோ 2019-லும் இதை நிறுத்தின. விஷத்தின் கதை இன்னும் மோசம். 1972-ல் அதிபர் நிக்சன் மத்திய அரசு நிலங்களில் அதைத் தடுத்தார், 1975-லேயே சயனைடுக்கு மட்டும் வழிவிட்டார்கள். 2017-ல் ஐடஹோவில் ஒரு சிறுவன், வீட்டுக்குப் பின்னால் குன்றில் தரையில் நட்டிருந்த சயனைடுக் குழாயைத் தெரியாமல் தொட்டான். அவன் பிழைத்தான், கூட வந்த நாய் அவன் கண்முன்னே செத்தது. துப்பாக்கி பிடித்தவனாவது எதைச் சுடுகிறோம் என்று பார்த்துவிட்டுச் சுடுகிறான்.

வீட்டு நாய்களும் வரும். தனியாக இருக்கும் ஒரு பாட்டி சிவாவா நாயைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். வெளியே நாலு சின்ன ஓட்டைதான், “பெரிசா ஒன்றுமில்லையே?” என்றார். ரோமத்தை மழித்துத் திறந்தால் உள்ளே சதையும் தோலும் தனித்தனியாகக் கழன்றிருந்தன. கயோட்டி கவ்வி உதறும், ஓட்டை பல்லுடையது, சேதம் உதறலுடையது. பிழைத்தது. சுடச்சொல்லி யாரையும் நான் அனுப்பவில்லை; கோழித்தீவனத்தை மூடிவைக்கவும், விடியும்முன் நாயைத் தனியாக வெளியே விடாமலிருக்கவும் சொன்னேன். அவர் கேட்டது துப்பாக்கிக்காரரின் போன் நம்பர்.

எனக்கு இந்த ஊர்மேல் பெரிய மரியாதை வந்தது வேறு விஷயத்தில். 1988-ல் மெக்சிகோ எல்லையில் நாய்களிடமிருந்து கயோட்டிக்கு ரேபிஸ் தொற்றி, வடக்கே சான் அன்டோனியோவை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. சுட்டுத் தீர்க்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். 1995-லிருந்து டெக்சாஸ் அரசு செய்தது, தடுப்பு மருந்து வைத்த இரைத்துண்டுகளை விமானத்திலிருந்து காட்டுமேல் தூவியது. கயோட்டி தின்றது, தானாகவே தடுப்பூசி போட்டுக்கொண்டது. 2007-ல் நாய்க்கு நாய் பரவும் வகை ரேபிஸ் நாட்டிலேயே இல்லை என்று அறிவித்தார்கள். நாமக்கல்லில் படிக்கும்போது வெறிநாய்க் கடிக்கு வந்தவர்களைப் பார்த்தவன் நான். இதை முதலில் கேட்டபோது பெரிய டாக்டரை இரண்டு தரம் திரும்பச் சொல்லச் சொன்னேன்.

பதினொன்றைத் தொங்கவிட்ட அந்தப் பண்ணைக்காரர் பிறகு இரண்டு வெள்ளைக் காவல் நாய்கள் வாங்கினார், கிரேட் பிரனீஸ். கண் திறந்த நாள் முதல் ஆட்டுக்குட்டிகளோடு கொட்டிலில் வளர்ந்தவை. தடவிக் கொடுக்கக்கூடாது, வீட்டுக்குள் விடக்கூடாது. ஆடுதான் அவற்றுக்குக் குடும்பம். ஊசி போடப் போனால் இன்றும் என்னைப் பார்த்து உறுமும். அவர் அதைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

போன மார்ச்சில் விடியும்முன் அவரிடமிருந்து போன். “ஒன்றையும் தொடவில்லை, டாக். கழுகு கொத்திவிடும் என்று மூடிவைத்திருக்கிறேன். கத்தியைக் கொண்டுவா.” போனேன். மேய்ச்சல் நடுவில் நீலத் தார்ப்பாய், நாலு மூலையிலும் கல். நீக்கினால் இரட்டைக் குட்டிகளில் ஒன்று, பாதி தின்றது. அவரே குனிந்து முன்னங்காலைப் பிடித்துக் குளம்பைத் திருப்பினார். மஞ்சள் உறை அப்படியே இருந்தது.

“நடக்கவே இல்லை” என்றார்.

கத்தியை நான் எடுக்கவில்லை. அவர் கற்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, தார்ப்பாயை உதறி மடித்து வண்டியில் போட்டார்.