நியூ ஜெர்சியிலிருந்து டெக்சாஸுக்கு: ஒரு பள்ளி பேஸ்பால் அம்பயரின் இடமாற்றம்

வேலை மாற்றலாகி எடிசனிலிருந்து டல்லாஸ் பக்கத்து ஃபிரிஸ்கோவுக்குப் போகிறேன் என்று சொன்னதும், எங்கள் அம்பயர் சாப்டரில் (உள்ளூர் அம்பயர் சங்கத்தில்) இருந்த பெரியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி எச்சரித்தார்கள்: டெக்சாஸ் ஆட்டம் வேறு, பார்த்துக்கொள். எப்படி வேறு என்று கேட்டால் பந்து வேகமாக வரும் என்றார்கள். வேகம் மட்டும் என்றால் எனக்குக் கவலையில்லை. தொண்ணூறு மைலில் நேராக வரும் பந்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது, எழுபதில் வளைந்து மண்ணில் விழும் பந்துக்குச் சொல்வதைவிடச் சுலபம். இதை அம்பயர் அல்லாதவர்கள் நம்புவதில்லை.

என் கதை பல அப்பாக்களின் கதைதான். பையன் சிறுவர் பேஸ்பாலான லிட்டில் லீக் ஆடப் போனான், அங்கே அம்பயர் பற்றாக்குறை, "நீங்க நில்லுங்களேன்" என்றார்கள். அவன் ஆட்டத்தை விட்டுவிட்டான், நான் விடவில்லை. பள்ளி ஜே.வி. (இரண்டாம் நிலை அணி) ஆட்டங்கள், அப்புறம் வார்சிட்டி (பள்ளியின் முதல் அணி), கவுண்டி டோர்னமென்ட் என்று வளர்ந்தது. புது ஊரில் எந்தப் படியில் நிறுத்துவார்கள், அந்தப் படி இங்கே இருப்பதைவிட எவ்வளவு உயரம் என்பதுதான் எனக்கு வேண்டிய தகவல்.

முதலில் காகிதத்தில் தேடினேன். தேசியத் தரவரிசைகளில் டெக்சாஸ் பள்ளிகள் வரிசையாக வந்தன. டல்லாஸ் பக்கத்து ஹைலண்ட் பார்க் பள்ளியிலிருந்து கிளேட்டன் கெர்ஷா 2006 டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) ஏழாவதாகப் போனார். காலிவில் ஹெரிடேஜ் பள்ளியிலிருந்து பாபி விட் ஜூனியர் 2019-இல் இரண்டாவது. ஆனால் இந்தப் பட்டியல்களை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு 2009 டிராஃப்ட் போதும். ஏஞ்சல்ஸ் அணிக்கு 24, 25 என்று அடுத்தடுத்து இரண்டு வாய்ப்பு. 24-இல் டெக்சாஸ் பையன் ராண்டல் கிரிச்சக்கை எடுத்தார்கள். 25-இல் நியூ ஜெர்சி மில்வில் ஊரின் மைக் ட்ரவுட். அவர் பிறகு மூன்று முறை எம்.வி.பி. (லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்) ஆனார். குளிர் மாநிலத்துப் பையன், ஏப்ரல் குளிரில் ஆடியதை வைத்து என்ன முடிவுக்கு வருவது என்று ஸ்கவுட்கள் (அணிகளுக்கு ஆள் தேடுபவர்கள்) தயங்கியது அவர் அவ்வளவு கீழே இறங்கியதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

அதைவிட முக்கியமான குறை, டிராஃப்ட் பட்டியல் உச்சியில் இருக்கும் பையன்களைப் பற்றி மட்டுமே பேசும். அம்பயர் பார்ப்பது ஒன்பது பேரையும். ஒன்பதாவது பேட்டர், மூன்றாவது பிட்ச்சர் (பந்தெறிபவன்), ஜே.வி. அணியின் இரண்டாவது கேட்ச்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவன்), இவர்களைப் பற்றி எந்தப் பட்டியலிலும் ஒரு வரி கிடையாது.

அம்பயர் பதிவை மாற்றுவது தொந்தரவாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. நியூ ஜெர்சியில் பள்ளி விளையாட்டை நடத்துவது என்.ஜே.எஸ்.ஐ.ஏ.ஏ., டெக்சாஸில் யூ.ஐ.எல். இரண்டு இடத்திலும் அடிப்படை, தேசியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பான என்.எஃப்.எச்.எஸ்.ஸின் விதிப்புத்தகமே. ஏழு இன்னிங்ஸ், பி.பி.கோர் மட்டை (துள்ளல் கட்டுப்படுத்தப்பட்டது), பாக் (ரன்னரை ஏமாற்றும் பிட்ச்சரின் விதிமீறிய அசைவு) சொன்ன நொடியே பந்து செத்தது, எல்லாம் ஒன்றுதான். மாநிலவாரியாக மாறுவது பிட்ச் கணக்கு (ஒருவன் எத்தனை பந்து எறியலாம் என்பது) போன்ற விதிகள். பழைய அசைனர் (அம்பயர்களுக்கு ஆட்டம் ஒதுக்குபவர்) ஒரு கடிதம் கொடுத்தார்: எத்தனை வருடம், எந்த நிலை, எந்தச் சுற்றுவரை என்று. அதைப் புது ஊர் சாப்டருக்கு அனுப்பி, பதிவுக் கட்டணம் கட்டி, பின்னணிச் சரிபார்ப்பு முடித்து, தேர்வு எழுதினேன். ஆன்லைனில் ஆட்டம் ஒதுக்கும் ஆர்பிட்டர் கணக்கு ஏற்கெனவே இருந்ததால் புது சாப்டரை அதில் சேர்த்ததோடு சரி.

கடிதத்தைப் பார்த்துவிட்டுப் புது அசைனர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் தெளிவாகச் சொன்னார்: "நீங்க அங்கே வார்சிட்டி. இங்கே நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது." ஆட்பற்றாக்குறை இல்லாத காலமும் அல்ல. 2018-19 சீசனுக்குப் பின் நாடு முழுவதும் சுமார் 50,000 பள்ளி விளையாட்டு நடுவர்கள் விலகிவிட்டதாக என்.எஃப்.எச்.எஸ். சொல்லியிருந்தது. அப்படியிருந்தும் அவர் பார்க்காமல் யாரையும் வார்சிட்டி ஆட்டத்தில் பிளேட்டுக்கு (பேட்டர் நிற்கும் இடம்) பின்னால் நிறுத்த மாட்டார். எனக்கு அது பிடித்திருந்தது.

பிப்ரவரியில் ஸ்கிரிம்மேஜ்கள், அதாவது பயிற்சி ஆட்டங்கள். இவற்றில் முடிவு கணக்கில்லை, ஆனால் அம்பயர்களுக்கு அதுதான் தேர்வு. வேலிக்குப் பின்னால் மடக்கு நாற்காலியில் இரண்டு மூத்தவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் என் ஸ்ட்ரைக் ஸோனைப் (எந்த எல்லைக்குள் வந்த பந்து ஸ்ட்ரைக் என்பது) பற்றி அதிகம் பேசவே இல்லை. இரண்டு அம்பயர் முறையில், ரன்னர் நகரும்போது பேஸ் அம்பயரோடு என் கண் தொடர்பு எப்படி, மூன்றாம் பேஸைக் காக்க நான் எப்போது கிளம்புகிறேன், இவைதான் கேள்வி. நியூ ஜெர்சியில் இதெல்லாம் தெரிந்தால் நல்ல அம்பயர். இங்கே தெரியாவிட்டால் மூன்றாவது இன்னிங்ஸிலேயே வெளிச்சத்துக்கு வந்துவிடும், ஏனென்றால் பையன்கள் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். முதல், மூன்றாம் பேஸில் ஆள் இருந்தால் ஏதோ ஒரு தந்திரம் வரும் என்று வைத்துக்கொள்ளலாம். பிட்ச்சர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. முதல் பேஸுக்கு எறிவது போலவும் இல்லாதது போலவும் காலைத் தூக்குகிறார்கள், பாக்கா இல்லையா என்று ஒரு கணத்தில் முடிவெடுக்க வேண்டும்.

என் அளவுகோல் அப்போதுதான் கிடைத்தது: கேட்ச்சர். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குச் சொன்னால், விக்கெட் கீப்பர் குத்தவைத்து உட்கார்ந்து, அவர் தோளுக்கு மேல் அம்பயர் எட்டிப் பார்க்கிற மாதிரி. என் உடம்புக்கும் அந்தப் பந்துக்கும் இடையில் இருப்பது அந்தப் பதினாறு வயதுப் பையன் மட்டும்தான். கேட்ச்சர் நல்லவனாக இருந்தால் தாழ்வாக வரும் வளைவுப் பந்தைக் கையை அசைக்காமல் வாங்குவான், எனக்கும் அது ஸ்ட்ரைக் என்று தெளிவாகத் தெரியும். சரியில்லாதவன் அதே பந்தைக் கீழ்நோக்கி அமுக்கிப் பிடிப்பான். அது ஸோனுக்குள் வந்திருந்தாலும் அரங்கத்தில் ஒருவரும் ஸ்ட்ரைக் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மண்ணில் விழும் பந்தை நெஞ்சால் தடுக்கத் தெரியாத கேட்ச்சர் என்றால், இரவு வீட்டில் தொடையில் ஐஸ் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன்.

நியூ ஜெர்சியில் நல்ல வார்சிட்டி அணிகளில் இப்படிப்பட்ட கேட்ச்சர் உண்டு. ஜே.வி.க்கு இறங்கினால் பெரும்பாலும் இல்லை. டல்லாஸ் வடக்கில் ஃப்ரெஷ்மேன் (ஒன்பதாம் வகுப்பு) ஆட்டங்களிலேயே பந்தைத் தடுக்கக் கற்ற பையன்களைப் பார்த்தேன். கேட்ச்சர் அப்படி இருப்பதால் பிட்ச்சர் துணிந்து சேஞ்ச்-அப் (வேகம் குறைத்து ஏமாற்றும் பந்து) போடுகிறான், அதனால் பேட்டரும் அதை அடிக்கக் கற்றாக வேண்டியிருக்கிறது. கடைசி மூன்று பேட்டர்கள்கூட இரண்டு ஸ்ட்ரைக் ஆனதும் மட்டையைச் சற்று மேலே தள்ளிப் பிடித்து ஃபவுலாக (கோட்டுக்கு வெளியே) தட்டிக்கொண்டே இருப்பார்கள். நான் அம்பயராக வளர்ந்த ஊரில் ஒன்பதாவது பேட்டர் என்றால் மூன்று பந்து, அவ்வளவுதான்.

காரணம் தட்பவெப்பம் மட்டும் அல்ல. இங்கே பல பள்ளிகளில் விளையாட்டுக்குப் பாடவேளையே இருக்கிறது. 6ஏ எனப்படும் மிகப் பெரிய பள்ளிகளின் பிரிவில் 2,200-க்கு மேல் மாணவர்கள், செயற்கைப் புல், விளக்குகள். நியூ ஜெர்சியில் வார நாள் ஆட்டம் மாலை நான்கு மணிக்கு, இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும். ஏப்ரலில் மழை பெய்தால் ஒத்திவைத்த ஆட்டங்கள் எல்லாம் ஒரே வாரத்தில் குவியும், மூன்றாவது ஆட்டத்தில் பந்தெறிய ஆளே இருக்காது, ஷார்ட்ஸ்டாப்பை (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) கொண்டுவந்து நிறுத்துவார்கள். இங்கே ஒரே எதிரணியோடு செவ்வாயும் வெள்ளியும் ஆட்டம். யூ.ஐ.எல். கணக்குப்படி ஒரு நாளில் 110 பிட்ச்தான் உச்சம், 86-ஐத் தொட்டுவிட்டால் நான்கு நாள் ஓய்வு. பிளேஆஃப் (சீசன் முடிவில் வரும் நாக்அவுட் சுற்று) பெரும்பாலும் மூன்றில் இரண்டு வெற்றி, ஆக மூன்றாவது பிட்ச்சர் நல்லவனாக இருக்கும் அணிதான் நீடிக்கிறது. நியூ ஜெர்சி மாநிலப் போட்டி ஒரே ஆட்டம், தோற்றால் வீட்டுக்கு. ஒரு சூப்பர் பிட்ச்சரை வைத்துப் பெரிய பள்ளியைச் சாய்த்துவிடலாம். எனக்கு இப்போதும் அந்த வகைதான் பிடிக்கும், அம்பயருக்கு நாக்கு உலரும் ஆட்டங்கள் அவை.

உச்சியை மட்டும் பார்த்தால் இரண்டு மாநிலத்துக்கும் பெரிய தூரம் இல்லை. நியூ ஜெர்சி மாரிஸ்டவுனில் டெல்பார்டன் பள்ளியில், பிறகு மேஜர் லீக் போன ஜாக் லைட்டரும் ஆன்டனி வோல்பியும் ஒரே அணியில் ஆடினார்கள். அந்த அணியை டெக்சாஸில் எங்கே இறக்கினாலும் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். கீழே இறங்க இறங்கத்தான் இடைவெளி விரிகிறது. நியூ ஜெர்சியின் சுமாரான வார்சிட்டி ஆட்டத்துக்கு இங்கே ஜோடி ஒரு நல்ல ஜே.வி. ஆட்டம். அசைனர் என்னை முதல் சீசனில் ஜே.வி.யில் வைத்தது தண்டனை இல்லை என்பது இதனால் புரிந்தது. சம்பளம் மட்டும்தான் குறைவு.

கோச்சுகள்? அங்கே கத்துவார்கள், ஆட்டம் முடிந்ததும் மறந்துவிடுவார்கள். இங்கே "யெஸ் சார், நோ சார்" என்பார்கள், பிறகு அசைனருக்கு நீளமாக மின்னஞ்சல் அனுப்புவார்கள். இரண்டு ஊரிலும் என் பெயர், எந்த அம்பயரையும் கூப்பிடுவது போல, "ப்ளூ"தான். ஃபிரிஸ்கோவில் ஒரு ஜே.வி. ஆட்டத்தில் வேலிக்கு வெளியே நின்ற ஒருவர், "சார், நீங்க தமிழா?" என்று கேட்டார். அவர் பையன் இரண்டாம் பேஸ். அதற்கு அப்புறம் அந்தப் பள்ளி ஆட்டங்களில் பெற்றோர் பக்கம் திரும்பாமலே இருக்கிறேன், நண்பர்கள் ஆகிவிட்டால் சிக்கல்.

இடம் மாறும் அம்பயர்கள் கேட்டால் நான் சொல்வது நடைமுறை விஷயம்தான். டிசம்பருக்குள் புது சாப்டரில் சேர்ந்துவிடுங்கள். ஜனவரிக் கூட்டங்களையும் ஸ்கிரிம்மேஜ்களையும் தவறவிட்டவரை அசைனர் ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார், மார்ச்சில் வந்தால் ஃப்ரெஷ்மேன் ஆட்டம்தான். பழைய சாப்டர் கடிதத்தில் வருடக் கணக்கைவிட டோர்னமென்ட் விவரம் முக்கியம். மே மாத டெக்சாஸுக்கு லேசான சட்டை வாங்குங்கள், இடி கேட்டால் முப்பது நிமிடம் ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்பதால் காரில் சாப்பிட ஏதாவது வைத்திருங்கள். எனக்கு இரண்டாவது சீசனில் வார்சிட்டி கிடைத்தது, முதலில் பேஸில், ஏப்ரலில் பிளேட்டுக்குப் பின்னால்.