காலையில் சாப்பிடச் சொன்ன வைத்தியம்

எங்கள் பக்கம் நன்றாகச் சாப்பிடுகிற ஆளுக்குத் தனி மரியாதை. கல்யாண வீட்டில் பிரியாணியை இரண்டாம் முறை கேட்டு வாங்கினால் பரிமாறுகிறவருக்கே முகம் மலரும். 'சாப்பாட்டு ராமன்' என்று கேலி பண்ணுவார்கள். அந்தக் கேலியில் செல்லம்தான் அதிகம். அதனால் நான் நிறுத்த முடியாமல் சாப்பிட்டது ஒரு நோய் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பந்தியில் நான் சாப்பிட்டதை எல்லோரும் பார்த்தார்கள். பந்திக்கு வெளியே சாப்பிட்டதை யார் பார்த்தார்கள்?

ராணிப்பேட்டையில் தோல் பொருள் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. வீடு வேலூர் சத்துவாச்சாரி. சாயந்திரம் பைக்கில் திரும்பும்போது பைபாஸ் ஓரக் கடையில் நான்கு பரோட்டா, சால்னா. அடுத்து பேக்கரியில் பப்ஸ், தேங்காய் பன். வீட்டுக்கு வந்ததும் பசியோடு வந்தவன் மாதிரி தோசை. எல்லோரும் படுத்த பிறகு சமையலறை. மிஞ்சின சோற்றில் சர்க்கரையும் நெய்யும் போட்டுப் பிசைந்து சாப்பிடுவேன். அதுவும் தீர்ந்தால் பையனுடைய ஹார்லிக்ஸைத் தூளாகவே ஸ்பூனில் அள்ளுவேன். தூள் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் விட்டு இறக்கிவிட்டு அடுத்த ஸ்பூன். ருசி என்று ஒன்றும் தெரியாது. போதும் என்று மனசு சொல்லும், கை கேட்காது. வயிறு வலிக்க ஆரம்பித்தால்தான் நிற்கும். காலி கவர்களை பைக் சீட்டுக்கு அடியில் ஒளித்துவைத்து, மறுநாள் வேறு தெருக் குப்பைத்தொட்டியில் போடுவேன்.

விடிந்ததும் சபதம். காலைப் பலகாரம் வேண்டாம், மதியம் வெள்ளரிக்காயும் மோரும் போதும். ஆபீசில் "சார் டயட்ல இருக்கார்" என்று பெருமையாகச் சொல்வார்கள். சாயந்திரம் ஆறு மணிக்கு அந்தப் பெருமையெல்லாம் பரோட்டாக் கல்லுக்கு முன்னால் கரைந்துவிடும்.

சர்க்கரை வந்தது. மூன்று மாத சராசரியைக் காட்டும் HbA1c பரிசோதனையில் எட்டைத் தாண்டியிருந்தது. பார்த்த டாக்டர் ரிப்போர்ட்டில் இருந்து தலையை நிமிர்த்தாமல், "வாயைக் கட்டுங்க" என்றார். வாயைக் கட்டத்தான் இத்தனை வருடமாக முயற்சி பண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு டயட் சார்ட், பதினாறு மணி நேரப் பட்டினி, புரட்டாசி சனிக்கிழமைகளில் ஒருவேளைச் சாப்பாடு. விரதம் இருந்த அன்றைய ராத்திரிகள்தான் எல்லாவற்றையும் விட மோசம்.

வேறொரு டாக்டர்தான் கேட்டார்: "நிறுத்தணும்னு நினைச்சும் நிறுத்த முடியாம சாப்பிடற மாதிரி ஆகுதா?" எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு சாப்பிடுகிறாய் என்று கேட்டவர்கள் உண்டு, இப்படிக் கேட்டவர் இல்லை. மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். எங்கள் வீட்டில் யாராவது கிறுக்குத்தனம் பண்ணினால் "பாகாயத்துல கொண்டுபோய் உடணும்" என்பது வழக்கம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் 1957ல் இருந்து அங்கேதான் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் போய் அங்கெல்லாமா என்று அம்மா அழுதார். சிகிச்சைக்குக் கடைசியில் எங்கே போனேன் என்பது இங்கே முக்கியமில்லை, போனேன்.

மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். கொஞ்ச நேரத்துக்குள் மற்றவர்கள் சாப்பிட முடியாத அளவு சாப்பிடுகிறேனா, அப்போது கட்டுப்பாடு கைவிட்டுப் போகிறதா? வழக்கத்தை விட வேகமாக, வயிறு உப்பும்வரை, பசியே இல்லாமல், கூச்சத்தால் தனியாக, முடிந்ததும் தன்மேலேயே அருவருப்போடு - இந்த ஐந்தில் எது எது உண்டு? மூன்று போதுமாம், எனக்கு ஐந்தும் இருந்தன. வாரத்துக்கு ஒரு தடவையாவது, மூன்று மாதமாக நடக்க வேண்டும். எனக்கு அது வருடக் கணக்கு. வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது, நாள் முழுக்கப் பட்டினி கிடந்து ஈடுகட்டுவது வழக்கமாக இருந்தால் அது புலிமியா என்ற இன்னொரு உணவு நோயின் பக்கம் போகும் என்றார். நான் காலையையும் பாதி மதியத்தையும் விட்டேனே தவிர, முழு நாள் தாங்கியது கிடையாது. ஆக, பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர், அதாவது கட்டுப்பாடு இழந்து அளவுமீறிச் சாப்பிடும் நோய். 1959லேயே ஆல்பர்ட் ஸ்டன்கார்டு என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இப்படிச் சாப்பிடுவதை எழுதியிருந்தாலும், அந்நாட்டு மனநல மருத்துவக் கையேட்டில் தனி நோயாக இடம் பிடித்தது 2013ல்தான். தைராய்டு பார்த்தார்கள், மனச்சோர்வு இருக்கிறதா என்று கேட்டார்கள். இருந்தது.

அப்புறம் உளவியலாளர் மேடம். நான் எதிர்பார்த்தது இன்னொரு சார்ட். அவர் முதலில் கேட்டது, "காலையில என்ன சாப்பிடறீங்க?"

"ஒண்ணும் இல்லை மேடம்."

"அப்ப அங்கேயிருந்து ஆரம்பிப்போம்."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. அதிகம் சாப்பிடுகிறேன் என்று வந்தவனைச் சாப்பிடச் சொல்கிறாரே! அப்போது அவர் அமெரிக்காவின் மினசோட்டாவில் 1944-45ல் ஆன்செல் கீஸ் என்ற ஆராய்ச்சியாளர் நடத்திய ஆராய்ச்சியைச் சொன்னார். 36 ஆரோக்கியமான இளைஞர்கள் தாங்களாக முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தார்கள். உடம்பு எடையில் கால்வாசி போனது. நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு. மறுபடி தாராளமாகச் சாப்பாடு கிடைத்ததும் வயிறு நிறைந்த பிறகும் நிறுத்த முடியாமல் சிலர் தின்றார்கள். அதற்கு முன் அவர்களுக்கு அந்தப் பழக்கமே இருந்ததில்லை. "உங்க மன உறுதியில குறை இல்லை சார். பகல்ல பட்டினி போட்ட உடம்பு ராத்திரி வட்டியோட வசூல் பண்ணுது" என்றார். கணக்குப் பிரிவுக்காரனுக்கு அது சட்டென்று புரிந்தது.

அறிவுசார் நடத்தைச் சிகிச்சை என்பார்கள், சி.பி.டி. அதன் முதல் பாதி முழுக்க நேரத்துக்குச் சாப்பிடுவதுதான். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு சிற்றுண்டி, எந்த இடைவெளியும் நான்கு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. பசித்தாலும் பசிக்காவிட்டாலும் நேரம் வந்தால் சாப்பிட வேண்டும். நேரம் வராவிட்டால் கூடாது. என்ன சாப்பிடுவது என்று அப்போதைக்கு அவர் கேட்கவே இல்லை. இட்லியோ பொங்கலோ சரி. எனக்குச் சர்க்கரை இருப்பதால் அதைப் பார்க்கும் டாக்டரிடம் மட்டும் இந்த நேரக் கணக்கைக் காட்டி மாத்திரையைச் சரிசெய்துகொண்டேன்.

கூடவே ஒரு நோட்டு. மணி, சாப்பிட்டது, இடம், அதற்கு முன் என்ன நடந்தது, மனசில் என்ன ஓடியது. கட்டுப்பாடு போன நேரத்துக்கு எதிரே ஒரு நட்சத்திரக் குறி. முக்கியமானது, சாப்பிட்டவுடனே எழுத வேண்டும், ராத்திரி உட்கார்ந்து ஞாபகத்தில் எழுதினால் பொய் கலந்துவிடும். பைபாஸ் ஓரத்தில் எண்ணெய்க் கையோடு 'பரோட்டா 4' என்று எழுதுவதைப் போல அவமானம் வேறில்லை. ஆனால் சில வாரத்தில் நோட்டே பேச ஆரம்பித்தது. நட்சத்திரம் விழுந்த நாட்களில் பெரும்பாலும் மதியக் கட்டம் காலி. இன்னொன்றும் தெரிந்தது: முதலாளி மகன் என்னைப் பெயர் சொல்லிக் கத்திய நாட்களில் மதியம் சரியாகச் சாப்பிட்டிருந்தாலும் நட்சத்திரம் விழுந்திருந்தது. அதை நோட்டு காட்டித்தான் ஒத்துக்கொண்டேன்.

எடை பார்ப்பது வாரம் ஒரு தடவை மட்டும். தினமும் மிஷின் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவனுக்கு இது பெரிய தண்டனையாக இருந்தது. மருத்துவர் ஃப்ளூவாக்ஸடின் மாத்திரை எழுதியிருந்தார். அது மனச்சோர்வுக்கும் உதவும், சாப்பிடும் உந்துதலையும் ஓரளவு குறைக்கும், ஆனால் மாத்திரை மட்டும் போதாது என்று சொல்லித்தான் கொடுத்தார். அமெரிக்காவில் 2015ல் லிஸ்டெக்ஸாம்ஃபெடமின் என்ற மருந்துக்கு இந்த நோய்க்காக அனுமதி கொடுத்தார்கள் என்று மச்சான் மகன் வாட்ஸப்பில் அனுப்பினான். அது கவனக்குறைபாட்டுக்குத் தரும் ஊக்க மருந்து, எடை குறைக்கக் கொடுப்பதில்லை, உங்களுக்குத் தேவையில்லை என்று மருத்துவர் முடித்துவிட்டார்.

வீட்டுக்காரியை ஒருநாள் வரச் சொன்னார்கள். அதுவரை அவள் தெரிந்துகொண்டது அரைகுறை; ஹார்லிக்ஸ் டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டுவாள். "ஏங்க, இன்னாங்க இது, கொழந்தை மாதிரி" என்று அதட்டலும் உண்டு. மேடம் அவளிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: பூட்ட வேண்டாம், எண்ண வேண்டாம், அவர் நேரத்துக்குத் தட்டு போட்டால் போதும். அம்மாவைத்தான் சமாளிக்க முடியவில்லை. "இன்னும் ரெண்டே ரெண்டு இட்லி வச்சிக்கோ நைனா" என்பதும், சாயந்திரமே "எவ்ளோ குண்டாயிட்ட பாரு" என்பதும் அவருக்கு ஒரே பாசத்தின் இரண்டு பக்கம். அதற்கு எந்தச் சிகிச்சையிலும் வழியில்லை.

இரண்டாம் பாதியில்தான் பயந்த உணவுகள் வந்தன. பட்டியலில் முதல் இடம் ஆற்காடு மக்கன் பேடாவுக்கு. கோவா, மைதா, உள்ளே பருப்பு, மேலே பாகு. எனக்கு ஒன்று என்பதே கிடையாது, டப்பாவைத் திறந்தால் காலி. அதனால் வருடக்கணக்காக வாங்குவதே இல்லை என்று சத்தியம், பிறகு வண்டியில் வைத்தே அரை கிலோ. மேடம் போட்ட பாடம்: மதியச் சாப்பாடு முடிந்த ஞாயிற்றுக்கிழமை, கூடத்தில், எல்லோரோடும் உட்கார்ந்து, தட்டில் ஒன்று. ஸ்பூனால் வெட்டி, மென்று. பாகு ஊறிய மேல்தோல் மெத்தென்று விட்டுக்கொடுத்தது, நடுவில் முந்திரி கடிபட்டது. பேடாவுக்குள் முந்திரி இருப்பது எனக்குத் தெரியும், கடித்த ஞாபகம்தான் இல்லை. இரண்டாவது வேண்டும் என்று மனசு துடித்தது. உடனே எழுந்து கோட்டைக்குக் கிளம்பி, அகழி ஓரமாக நடந்தேன். உந்துதல் ஏறி, நின்று, இறங்கியது. அது தானாக இறங்கும் என்பதே எனக்குப் புதுச்செய்தி.

மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் மறுபடி சறுக்கியது. தொடர்ந்து சில ராத்திரிகள். முன்பானால் மறுநாள் காலையில் பட்டினி. இந்தத் தடவை, காலையில் தொண்டைவரை நிறைந்திருந்தாலும் எட்டு மணிக்கு இரண்டு இட்லி வைத்துக்கொண்டேன். அந்த இட்லி இறங்கவே மாட்டேன் என்றது. இருந்தாலும் அன்று ராத்திரி சமையலறைக்குப் போகவில்லை. இப்போது கணக்கு முடிக்கும் மாதம் என்றால் நான்கு மணிக்குச் சுண்டல் கொண்டுவர கேன்டீன் பையனிடம் சொல்லிவைத்துவிடுவேன்.

எடை குறைந்ததா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கொஞ்சம். சிகிச்சை அதற்கு வாக்குக் கொடுக்கவும் இல்லை. சர்க்கரையின் மூன்று மாத சராசரி ஏழுக்குள் வந்திருக்கிறது. சீட்டுக்கு அடியில் இப்போது ரெயின்கோட்தான் இருக்கிறது.

யாரைப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு: அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை, 14416. இலவசம், தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். போகும்போது சர்க்கரை, தைராய்டு ரிப்போர்ட்டுகளைக் கையோடு கொண்டுபோங்கள். அதிகம் சாப்பிடுகிறேன் என்று மட்டும் சொன்னால் சார்ட்டோடு திருப்பி அனுப்ப வாய்ப்பு இருக்கிறது. நிறுத்த முடியவில்லை, ஒளித்துச் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள்.