மதுரை ஏர்போர்ட்டும் 7,500 அடியும்

"துபாய்க்கே ஃபிளைட் போகுதே, அப்புறம் ஏன் பெரிய விமானம் வரல?" என்று கேட்பவர்களுக்கு: முதல் சிக்கல் ஓடுபாதை. நம்மூர் ஓடுபாதை 2,285 மீட்டர், அதாவது சுமார் 7,500 அடி. சென்னையின் பிரதான ஓடுபாதை 3,658 மீட்டர்.

ஏ320, போயிங் 737 மாதிரி நடுத்தர விமானங்களுக்கு நம்முடையது போதும். ஆனால் அக்னி நட்சத்திர வெயிலில் காற்று லேசாகிவிடும். இறக்கைக்குத் தூக்குவிசை குறையும், எஞ்சினும் முழு உந்துவிசை தராது, அதே எடையோடு மேலெழும்ப இன்னும் நீளமாக ஓட வேண்டும். பாதை நீளாது, எடையைத்தான் குறைக்கணும். தூரப் பயணத்துக்கு எரிபொருளில் கை வைக்க முடியாது; முதலில் இறங்குவது பெரும்பாலும் சரக்கு. விடிகாலையில் பறித்த மல்லிகை மொட்டு சாயங்காலம் விரிந்துவிடும். ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டி அடுத்த ஃபிளைட்டுக்குக் காத்திருந்தால் என்ன ஆகும், பூ வியாபாரிகளைக் கேளுங்கள்.

12,500 அடியாக நீட்டும் திட்டம் இருக்கிறது. நீளும் இடத்தில் ரிங் ரோடு குறுக்கே போவதால், சாலையை ஓடுபாதைக்கு அடியில் கொண்டுபோகணும். நிலம் எடுப்பதில் இழுபறி வேறு.

இரண்டாவது சிக்கல் காகிதத்தில். 2010-ல் புது முனையம், 2012-ல் கொழும்புக்கு முதல் வெளிநாட்டு சேவை, எல்லாம் சரி. ஆனால் சுங்க வசதி இருந்தாலே எந்த வெளிநாட்டு நிறுவனமும் வந்து இறங்கிவிட முடியாது. இரு நாட்டு விமான ஒப்பந்தத்தில் அந்த ஊர் பெயர் இருக்கணும். கான்கிரீட்டைவிட இதுதான் கடினம் என்பேன்.