கப்பலில் மிச்சமான மொய்க் கவர்கள்

மே மாதத்தில் கொடைக்கானலில் வீடு வைத்திருப்பவருக்கு உறவினர் பஞ்சம் வருவதில்லை. மதுரையில் வெயில் ஏற ஏற, ஆண்டுக்கணக்கில் பேசாமலிருந்தவர்களுக்குக்கூட எங்கள் உடல்நலத்தில் திடீர் அக்கறை பிறந்துவிடும். இந்த முறை வந்தவர்கள் என் மாமாவும் அத்தையும். மாமா அரசுத் தணிக்கைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தேநீர்க் கடையில் தரும் சீட்டைக்கூட இருமுறை கூட்டிப் பார்த்த பிறகே பையில் கை வைப்பார். அவர் பெட்டியைத் திறந்தபோது, மடித்த சட்டைகளுக்கு மேலே, ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய மொய்க் கவர்கள் ஒரு கட்டாக இருந்தன. மலையில் யாருக்குத் திருமணம் என்று கேட்டேன். "கப்பலுக்கு வாங்கினது, மிச்சம்" என்றார்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவருடைய மகன், தை மாதத்தில் பெற்றோரையும் மனைவி மக்களையும் ஓர் உல்லாசக் கப்பலில் அழைத்துச் சென்றிருந்தான். மரினா பே கப்பல் முனையத்தில் ஏறி, பினாங்கையும் புக்கெட்டையும் பார்த்துவிட்டுத் திரும்பும் நான்கு இரவுப் பயணம் அது. தங்குவதும் சாப்பிடுவதும் கட்டணத்திலேயே அடக்கம் என்று மகன் சொன்னதை மாமா முழு மனத்துடன் நம்பியிருக்கிறார். அறையிலுள்ள தொலைக்காட்சியிலேயே நம் கணக்கைப் பார்க்கலாம் என்று இரண்டாம் நாள் காலையில் பேரன் காட்டிக் கொடுத்ததுதான் வினையாகிவிட்டது. யாரும் கேட்காமல், யாரும் கையெழுத்துப் போடாமல், ஆளுக்கு 18 டாலர் வீதம் ஆறு பேருக்கும் அதில் டிப்ஸ் ஏறியிருந்தது. எட்டு வயதுப் பேத்திக்கும் அதே 18 டாலர். அது நாள்தோறும் ஏறும் என்பதையும் பேரனே மகிழ்ச்சியுடன் தெரிவித்திருக்கிறான்.

அந்தக் கப்பல் மட்டும் செய்த தந்திரம் அன்று இது. பெரிய கப்பல் நிறுவனங்கள் பலவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர் வரை இப்படிக் கணக்கில் ஏற்றுகின்றன. அறையைச் சுத்தம் செய்பவர், உணவுக்கூடத்தில் பரிமாறுபவர், அவருக்கு உதவியாளர் என்று முகம் தெரிந்தவர்களுக்கும், துணி வெளுக்கும் பகுதியிலும் சமையலறையிலும் இருக்கும் முகம் தெரியாதவர்களுக்கும் அது பங்கிடப்படுகிறது. பானங்கள் வாங்கினால் விலையோடு 18 விழுக்காடு தனியாகச் சேரும். அதன் பிறகும் ரசீதின் அடியில், விரும்பினால் மேலும் கொடுக்கலாம் என்று ஒரு கோடு காலியாக விடப்பட்டிருக்கும். அத்தை ஒரு பழச்சாறு வாங்கியபோது அந்தக் கோட்டை நிரப்பாமல் விட்டால் அபராதம் வருமோ என்று பயந்து, கோட்டின் மேல் தம் பெயரை அழகாகத் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

முன்பெல்லாம் இந்த ஏற்பாடு வேறு மாதிரி இருந்ததாம். ஒரே மேசை, ஒரே பரிமாறுபவர் என்று பயணம் முழுவதும் இருந்த காலத்தில், கடைசி இரவு பயணிகள் கவரில் பணம் வைத்து அவரவர் கையிலேயே கொடுத்திருக்கிறார்கள். எந்த உணவகத்திலும் எந்த நேரத்திலும் சாப்பிடலாம் என்றான பிறகு, யார் கையில் கவரைக் கொடுப்பது என்ற குழப்பம் வந்தது. கடைசி இரவு சாப்பிடவே வராமல் அறைக்குள் பதுங்கும் பயணிகளும் இருந்தார்கள். அதனால் தொகை நேராகக் கணக்குக்கே போய்விட்டது. மாமாவுக்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது. வெளிநாட்டில் டிப்ஸ் கொடுக்க வேண்டியிருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கையில் வெறும் பணமாகக் கொடுப்பது மரியாதையில்லை என்று தாமே தீர்மானித்து, மதுரை கீழமாசி வீதியில் மொய்க் கவர் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். கவரின் மேல் குத்துவிளக்குப் படமும் 'மணமக்கள் பல்லாண்டு வாழ்க' என்ற வாழ்த்தும் இருந்ததை அவர் ஒரு குறையாகக் கருதவில்லை.

ஆறு பேர், நான்கு நாள், மொத்தம் 432 டாலர். அன்றைய மாற்று விலையில் அது முப்பத்தாறாயிரம் ரூபாயைத் தாண்டியதைக் கண்டதும், காலைச் சிற்றுண்டியைப் பாதியில் விட்டுவிட்டு விருந்தினர் சேவை முகப்புக்குப் போய் வரிசையில் நின்றிருக்கிறார். அங்கே போய்ச் சொன்னால் இந்தத் தொகையைக் குறைக்கவோ நீக்கவோ செய்வார்கள் என்று மகன் வாய்தவறிச் சொல்லியிருந்தான். மாமாவின் ஆட்சேபம் தொகையைப் பற்றியது மட்டுமன்று. செலவுக்கு ஒப்புதல் கொடுத்தவர் யார், பங்கிட்டதற்குப் பற்றுச்சீட்டு எங்கே, பெற்றுக்கொண்டவர்களின் கையொப்பம் எங்கே என்ற மூன்று கேள்விகளைக் கப்பலின் குறிப்புத்தாளிலேயே வரிசைப்படுத்தி எழுதி எடுத்துச் சென்றிருக்கிறார். முகப்பிலிருந்த பெண் அதை முழுவதும் படித்துவிட்டு, நீக்கிவிடலாம், ஆனால் சேவையில் என்ன குறை என்று மட்டும் சொல்ல முடியுமா, சம்பந்தப்பட்டவர்களிடம் தெரிவிக்க வேண்டும் என்று புன்னகையுடன் கேட்டிருக்கிறாள்.

அங்கேதான் தணிக்கை நின்றுவிட்டது. முந்தைய இரவு மாமாவுக்குக் காரம் போதவில்லை என்று பரிமாறுபவர் சமையலறைக்குள் போய்ப் பச்சை மிளகாய் நறுக்கி எடுத்து வந்திருந்தார். அறையைப் பார்த்துக்கொள்ளும் பிலிப்பைன்ஸ் இளைஞர், துண்டுகளை மடித்து ஒரு குரங்கு செய்து, அதைத் துணி மாட்டும் கம்பியில் ஒரு கையால் தொங்கவிட்டு, மாமா தேடிக்கொண்டிருந்த படிக்கும் கண்ணாடியை அதன் மூக்கில் மாட்டி வைத்திருந்தார். குரங்கின் சாயல் யாருடையது என்பதில் பேரனுக்கும் பேத்திக்கும் ஐயமே இருக்கவில்லை. இவர்களில் யார் மேல் குறை எழுதுவது? மாமா குறிப்புத்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கப்பல் எத்தனை மணிக்குப் பினாங்கு சேரும் என்று விசாரித்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

என்னைக் கேட்டால், மாமா கேட்ட கேள்விகள் சரியானவை. நின்ற வரிசைதான் தவறு. தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டிய கூலியின் ஒரு பகுதியைப் பயணியின் தாராள மனத்தில் கட்டிவிட்டு, பயணச்சீட்டின் விலையை மலிவாகக் காட்டுவது நிறுவனங்களின் சாமர்த்தியம். கப்பலைப் பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளில் பதிவு செய்துவிட்டால், பயணிகளின் சொந்த நாட்டில் உள்ள குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கப்பலுக்குள் ஏறாது. ஊழியர்கள் மாதக்கணக்கில் ஒப்பந்தத்தில் இருப்பார்கள், வார விடுமுறை என்று ஒன்று கிடையாது, வாரத்துக்கு 72 மணி நேரம் வரை வேலை வாங்க 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையே இடம் தருகிறது என்றெல்லாம் மாமாவின் மகன் அன்றிரவு தொலைபேசியில் எனக்கு விளக்கினான். முகப்பில் போய்த் தொகையை நீக்கச் சொல்லும் பயணி நிறுவனத்தைத் தண்டிப்பதாக நினைத்துக்கொள்கிறார். அடி விழுவதோ பச்சை மிளகாய் நறுக்கியவர் தலையில்.

கணக்கில் ஏறியது ஏறியபடியே இருக்க, கடைசி இரவு மாமா மொய்க் கவர்களையும் எடுத்திருக்கிறார். குரங்கு செய்த இளைஞருக்கு 10 டாலர் வைத்த கவரைக் கொடுத்தபோது, அதில் ஒட்டியிருந்த ஒரு ரூபாயைக் காட்டி இது எதற்கு என்று அவர் கேட்டாராம். தொகை பூஜ்யத்தில் முடியக் கூடாது என்பதை மாமா அரை மணி நேரம் ஆங்கிலத்தில் விளக்கினார் என்பது அத்தையின் வாக்குமூலம். பழக்க தோஷத்தில் கவரின் மேல் தம் பெயரையும், அதற்குக் கீழே 'மதுரை' என்றும் எழுதியிருந்தார். அந்த நாணயத்தைப் பிய்த்து எடுத்து, இளைஞர் தம் பெயர்ப் பட்டையின் பின்புறம் செருகிக்கொண்டதில் மாமாவுக்கு ஏற்பட்ட பெருமை, கொடைக்கானல் வரை தொடர்ந்து வந்துவிட்டது. எஞ்சிய கவர்களை மலையில் பயன்படுத்துவது என்று அவர் முடிவு செய்திருந்தார்.

வாகன நிறுத்தத்துத் தம்பியும் கோக்கர்ஸ் வாக்கின் தொலைநோக்கிக்காரரும் கவரைப் பிரித்து நோட்டை எடுத்துக்கொண்டு கவரை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டதால், அங்கெல்லாம் சிக்கல் எழவில்லை. சிக்கல் ஏரியில் காத்திருந்தது. மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் அணை கட்டி உருவாக்கிய ஏரி இது. அதில் விட்ட முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து அவர் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். நான் இதைச் சொன்னதும், அப்படியானால் கடல் மரபு இங்கேயும் செல்லும் என்று மாமா மகிழ்ந்து போனார். துடுப்புப் படகில் ஏறியது முதல், படகோட்டி அண்ணனிடம் அவர் விசாரணையைத் தொடங்கினார். டிக்கெட் பணம் யாருக்குப் போகிறது, கிடைக்கும் அன்பளிப்பை எல்லோரும் சேர்த்து வைத்துப் பங்கிடுவீர்களா, படகைக் கழுவுபவருக்குப் பங்கு உண்டா என்று அவர் ஒரு பக்கம் கேட்டுக்கொண்டே வர, அத்தை மறுபக்கம் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுக்கொண்டு வந்தார். படகோட்டி அண்ணன் மாமாவின் கேள்விகளுக்குத் துடுப்பையும் அத்தையின் கேள்விகளுக்கு வாயையும் பயன்படுத்தினார். வில்பட்டிக்காரர், மூத்த பெண்ணுக்கு ஆவணியில் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது என்ற விவரமெல்லாம் அத்தைக்குப் போய்ச் சேர்ந்தது. பங்கீட்டு முறையைக் கற்பனையில் வகுத்துக்கொண்டிருந்த மாமாவின் காதில் அது விழவேயில்லை.

கரை சேர்ந்ததும் மாமா எழுந்து நின்று, பெயரும் ஊரும் எழுதிய, நூறு ரூபாய் வைத்த கவரை எடுத்து நீட்டினார். படகோட்டி அண்ணன் துடுப்பைக் கீழே வைத்தார். ஈரக் கையை மேல்துண்டில் இரண்டு முறை துடைத்தார். இரு கைகளாலும் கவரை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிரித்துப் பார்க்கவில்லை. "பத்திரிகை வைக்கிறதுக்கு முன்னாடியே செய்முறை செய்றீங்களே ஐயா, பெரிய மனசு உங்களுக்கு" என்றார். மாமா என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை ஏரியைப் பார்த்தார். இது கல்யாண மொய் இல்லை, படகு ஓட்டியதற்கு என்று மாமா தொடங்கிய வாக்கியத்தை அத்தையின் முழங்கை பாதியில் நிறுத்தியது. என் வீட்டு விலாசத்தை வாங்கிக்கொண்ட பிறகு, அண்ணன் சற்றுத் தயங்கி, தலையைச் சொறிந்தபடி சொன்னார்: "டிக்கெட் காசு ஆபீசுக்குப் போயிரும் ஐயா. எங்களுக்கு டீக்கு ஏதாவது பாத்துக் குடுத்தீங்கன்னா..."

மாமா டீக்கும் கொடுத்தார். கப்பலில்கூட ஒரே ஆளுக்கு இரண்டு தலைப்புகளில் கொடுக்கவில்லை என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தவர், தாம் கொடுத்ததும் அங்கே இரண்டு தலைப்புகளில்தான் என்பதை அத்தை நினைவூட்டிய பிறகு பேசவில்லை.

ஆடி முடிவதற்குள் படகோட்டி அண்ணனும் அவர் மனைவியும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்குடன் என் வீட்டுக்கு வந்து, எனக்கு ஒன்றும் மதுரைக்கு ஒன்றுமாகப் பத்திரிகை வைத்தார்கள். செய்முறை செய்த வீட்டுக்காரர் வராமல் இருந்தால் நன்றாக இராது என்று அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டதால், 2024-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்த இ-பாஸை மறுபடியும் எடுத்துக்கொண்டு, வாடகைக் காரில் இருவரும் மலையேறினார்கள். அந்தக் காரின் வாடகையில் எத்தனை பேருக்கு எத்தனை நாள் 18 டாலர் கட்டியிருக்கலாம் என்ற கணக்கை மாமா பெருமாள்மலை வருவதற்குள் முடித்துவிட்டாராம்.

வில்பட்டியில் முகூர்த்தம் முடிந்து, மொய் எழுதும் மேசைக்கு அருகில் போனபோது அங்கே ஏற்கெனவே குரல் உயர்ந்திருந்தது. எங்கள் பக்கத்தில் மொய் நோட்டின் முதல் வரி தாய்மாமனுக்கு உரியது. படகோட்டி அண்ணனோ, வாங்கிய செய்முறையை வாங்கிய அன்றே எழுதிவிட வேண்டும் என்ற நேர்மையில், மே மாதமே புது நோட்டு வாங்கி, பிள்ளையார் சுழிக்கு நேர் கீழே மாமாவின் பெயரையும், மதுரை என்ற ஊரையும், 101 என்ற தொகையையும் எழுதி வைத்திருந்தார். பெண்ணின் தாய்மாமன் அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "எனக்கு மேல எழுதியிருக்கிற இந்த மதுரைக்காரரு யாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அடித்துவிட்டு எழுதலாமே என்று யாரோ சொன்னார்கள். உடனே என் மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்து, பதிவை எக்காரணம் கொண்டும் அடிக்கக் கூடாது, பக்கத்தின் ஓரத்தில் திருத்தக் குறிப்பு எழுதி, சம்பந்தப்பட்ட இருவரும் தேதியுடன் கையொப்பமிட வேண்டும் என்று விதியைச் சொன்னார். மேசையில் இருந்த இளைஞன் அவரையே எழுதச் சொல்லிப் பேனாவை நீட்டினான்.

குறிப்பு எழுதப்பட்டது, தாய்மாமன் முதலாவதாகவும் மாமா இரண்டாவதாகவும் கொள்ளப்படுவார்கள் என்பது அதன் சாரம். கையொப்பமிட்ட தாய்மாமனுக்குக் கோபம் முழுவதும் இறங்கிவிட்டது. இவ்வளவு நியாயமான மனிதரைத் தாம் கண்டதில்லை என்று மாமாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு பந்திக்கு அழைத்துப் போய், பக்கத்தில் உட்கார வைத்து, தாமே எழுந்து எழுந்து பரிமாறினார். நெகிழ்ந்துபோன மாமாவின் கை, எழுந்தவுடன் சட்டைப் பைக்குள் போனது. அத்தை அந்தக் கையைப் பைக்குள்ளேயே பிடித்தார். "இப்ப அந்தக் கவரை வெளிய எடுத்தீங்க, தையில இவர் பையன் காதுகுத்துக்கும் மலையேறணும்" என்றார் மெதுவாக. மாமா கையை எடுத்துவிட்டார். ஆனால் பைக்கு வெளியே தெரிந்த குத்துவிளக்கின் நுனியைத் தாய்மாமன் அதற்குள் பார்த்துவிட்டிருந்தார். மேசையில் மொய் எழுதிக்கொண்டிருந்த இளைஞனைக் கூப்பிட்டு, மதுரை விலாசத்தைத் தனித்தாளில் எழுதித் தரச் சொன்னார்.