பூட்டை இழுத்துப் பார்

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் முழுக்க நான் தொட்டது பூட்டுகளைத்தான். கூண்டிலிருந்து மின்வேலிக்குள் இருக்கும் காட்டுக்குப் போகும் இரும்புக் கதவுக்கு ஒரு பூட்டு, இரண்டு கூண்டுகளுக்கு நடுவில் ஒரு பூட்டு, நாங்கள் நடக்கும் பாதைக்கு ஒரு பூட்டு, மின்வேலியின் வாசலுக்கு ஒரு பூட்டு. பூட்டியபின் கண்ணால் பார்த்தால் போதாது, பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். கூட இருப்பவர் தன் பங்குக்கு இன்னொரு முறை இழுப்பார். சிம்பன்சியோடு கொஞ்சி விளையாடப் போகிறேன் என்று ஊரில் சொல்லிவிட்டு வந்தவன் நான்.

கேமரூனின் காட்டுப்பகுதியில், செம்மண் சாலை முடிகிற இடத்தில் இருந்த ஒரு சிம்பன்சி காப்பகத்தில் பதினெட்டு மாதங்கள் வேலை பார்த்தேன். நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்தவன். மாட்டுக்கு ஊசி போடுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. ஐம்பது கிலோ ஆண் சிம்பன்சியிடம் அந்தக் கர்வம் செல்லாது. அதுவாக மனசு வைத்துத் தோளைக் கம்பி வலையோடு ஒட்டிக் காட்டினால்தான் ஊசி. அப்படிக் காட்டப் பழக்குவதற்கு மாதக்கணக்காகும், ஒவ்வொரு முறையும் ஒரு நிலக்கடலையோ பேரீச்சையோ கூலியாகக் கொடுக்க வேண்டும். எடைக்கு எடை பார்த்தால் மனிதனைப்போல ஒன்றரை மடங்கு வலு என்கிறார்கள். எனக்கு அதன் வலுவைவிடப் பொறுமைதான் பயமாக இருந்தது. எந்தச் சாவியை எந்தப் பூட்டில் போடுகிறோம் என்று மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கும்.

தலைமைப் பராமரிப்பாளரை எல்லோரும் 'பப்பா' என்றுதான் கூப்பிட்டார்கள். பிரெஞ்சு பேசும் கேமரூனில் வயதில் மூத்த ஆண்களுக்கு அதுதான் மரியாதை. போனில் "இன்னைக்குப் பப்பா திட்டிட்டார்மா" என்றால் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்காது. எங்கள் வீட்டில் பாப்பா என்றால் தொட்டிலில் கிடப்பது. இவரோ தலை நரைத்து, ரப்பர் பூட்ஸ் போட்டு, இடுப்பில் இருபது சாவிகளோடு நடப்பவர்.

காலை ஆறு மணிக்கு நாங்கள் போவதற்குள் அவை குரல் கொடுத்திருக்கும். அடிவயிற்றிலிருந்து மெதுவாக ஆரம்பித்து ஏறி ஏறிக் கடைசியில் அலறலாகும் அந்தச் சத்தத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பப்பா பிரித்துச் சொல்வார். எனக்கு அது பிடிபட ஆறு மாதம் ஆனது. அப்புறம் தலை எண்ணிக்கை. யாருக்கு மூக்கு ஒழுகுகிறது, யார் காலை ஊன்றாமல் நடக்கிறார், இரவுச் சண்டையில் யார் காது கிழிந்திருக்கிறது என்று ஒவ்வொரு முகமாகப் பார்க்க வேண்டும். முகக்கவசம் இல்லாமல் கூண்டுப் பக்கம் போகக் கூடாது. நமக்குச் சாதாரணச் சளியாக வந்து போகும் வைரஸ் அவற்றைக் கொன்றுவிடும். ஐவரி கோஸ்டின் டாயி காட்டில் சிம்பன்சிகள் இருமி இருமிச் செத்ததற்கு மனிதர்களிடமிருந்து தொற்றிய சுவாச வைரஸ்கள்தான் காரணம் என்று 2008-ல் ஆய்வாளர்கள் உறுதி செய்தார்கள். அதனால் எங்களுக்குத் தும்மினால் லீவு. நான் பார்த்த வேலைகளிலேயே தும்மலை இவ்வளவு மதித்த வேலை இது ஒன்றுதான்.

பப்பாளி, வெள்ளரி, வாழைப்பழம், வேகவைத்த மரவள்ளி என்று சாப்பாடு கூடை கூடையாகப் போகும். நிலக்கடலையைப் புல்லில் இறைத்துவிட்டால் ஒரு மணி நேரம் சண்டையில்லாமல் பொறுக்கிக்கொண்டிருக்கும். சாயங்காலம் கூண்டுக்குத் திரும்ப வைப்பது கஞ்சிதான். கஞ்சி வாளியின் சத்தம் கேட்டால் காட்டுக்குள் எங்கிருந்தாலும் வந்துவிடும். அவை காட்டில் இருக்கும் பகலில் நாங்கள் கூண்டைக் கழுவுவோம். அந்த நாற்றத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. இரண்டு முறை குளித்த பிறகும் மத்தியானம் போபோலோவைப் பிரிக்கும்போது கையில் அது இருக்கும். (போபோலோ என்பது மரவள்ளி மாவை இலையில் நீளமாகச் சுற்றி அவிப்பது. பழகினால் பிடிக்கும்.)

சிம்பன்சிகளுக்கு நான் மனசுக்குள் தமிழ்ப் பெயர்கள் வைத்திருந்தேன். இங்கேயும் அவையே இருக்கட்டும்.

பொடியனைக் கொண்டு வந்தபோது அவனுக்கு ஒன்றரை வயது இருக்கும். காட்டு இறைச்சிக்காகத் தாயைச் சுட்டிருக்கிறார்கள். குட்டியின் உடம்பில் கறி கிடையாது என்பதால் உயிரோடு விற்கப் பார்த்திருக்கிறார்கள். தாயைக் கொல்லாமல் சிம்பன்சிக் குட்டியைப் பிடிக்கவே முடியாது. யார் வீட்டிலாவது செல்லப்பிராணியாக ஒரு குட்டி இருந்தால் அதற்குப் பின்னால் குறைந்தது ஒரு பிணம் இருக்கிறது. பொடியன் மூன்று மாதம் தனி அறையில் இருந்தான். காசநோய், குடற்புழு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கும்வரை மற்றவற்றோடு சேர்க்க முடியாது. தாய்ப்பால் நான்கைந்து வருஷம் குடித்து, தாயின் உடம்பிலேயே தொங்கி வளர வேண்டிய ஜீவன். பகலும் இரவும் யாராவது தூக்கி வைத்திருக்க வேண்டும். பெண் பராமரிப்பாளர் ஒருவர் அவனை நெஞ்சில் போட்டுக்கொண்டே தூங்கினார். மத்தியானங்கள் என்னுடையவை. புட்டிப்பால் குடித்தபின் என் சட்டையை இரண்டு கையாலும் இரண்டு காலாலும் பிடித்துக்கொள்வான். கீழே இறக்கினால் தொண்டை கட்டும்வரை அலறுவான். ஒருநாள் சட்டையைக் கழற்றி அவனிடம் விட்டுவிட்டு வெற்றுடம்போடு மருந்தகத்துக்குப் போனேன். பப்பா பார்த்துவிட்டுச் சொன்னார்: "உன்னை மறக்கிற மாதிரி அவனை வளர்."

அவருக்கு நெஞ்சில் ஈரமே இல்லையென்று அன்றைக்கு நினைத்தேன்.

அம்மணியைப் பார்த்த பிறகு கொஞ்சம் விளங்கியது. அவள் கிழவி. சாப்பாட்டுக் கடை ஒன்றின் வாசலில் சங்கிலியில் வருஷக்கணக்கில் கிடந்தவள். கழுத்தைச் சுற்றி முடி முளைக்காத ஒரு வளையம். வாடிக்கையாளர்கள் பீர் கொடுத்துப் பழக்கியிருந்தார்கள். மனிதர்களோடு அவ்வளவு காலம் இருந்ததில் கடைசியில் தன் இனத்தோடு எப்படி இருப்பது என்பதே போய்விட்டது. புல்லில் கால் வைக்க இரண்டு வாரம் பயந்தாள். காட்டுச் சிம்பன்சி ஒவ்வொரு சாயங்காலமும் கிளைகளை வளைத்துப் புதுப் படுக்கை கட்டும். தாயைப் பார்த்துக் கற்கும் வித்தை அது. அம்மணிக்குக் கட்டத் தெரியாது. தீயணைப்புக் குழாய்களால் நாங்கள் பின்னிய தூளியில் படுத்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருப்பாள்.

இதே கேமரூனின் சனாகா-யோங் காப்பகத்தில் டோரதி என்று ஒரு பெண் சிம்பன்சி இருந்தது. அதுவும் 25 வருஷம் ஒரு கேளிக்கைப் பூங்காவில் சங்கிலியில் கிடந்து, பீரும் சிகரெட்டும் பழக்கப்பட்டது. 2008-ல் இறந்தபோது தள்ளுவண்டியில் புதைக்கக் கொண்டுபோனார்கள். கூட்டம் முழுக்கக் கம்பி வலையோரம் வந்து, ஒன்றன் தோளில் ஒன்று கை வைத்தபடி, சத்தமில்லாமல் பார்த்தது. அந்தப் படம் மறுவருஷம் நேஷனல் ஜியாகிரபிக் இதழில் வெளிவந்து உலகம் முழுக்கச் சுற்றியது. சிம்பன்சிகள் சத்தமில்லாமல் இருப்பது எவ்வளவு அபூர்வம் என்று கூட வேலை செய்தவனுக்குத்தான் தெரியும்.

பொடியனை அம்மணியோடுதான் முதலில் சேர்த்தோம். ஒரு வாரம் வலைக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள். மூன்றாம் நாள் அவள் ஒரு விரலை மட்டும் வலைக்குள் நீட்டினாள். அவன் முகர்ந்தான். எட்டாம் நாள் நடுக்கதவைத் திறந்தபோது எனக்கு உள்ளங்கை வேர்த்தது. அவன் நேராகப் போய் அவள் வயிற்றில் ஒட்டிக்கொண்டான். அவளுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, அந்தரத்தில் தூக்கியே வைத்திருந்தாள். பிறகு மெதுவாக அவன் முதுகில் இறக்கினாள். அன்று இரவு தூளி ஆடவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் மறுநாள் தப்புச் செய்தேன். நடைபாதைப் பூட்டை மாட்டினேன், வளையத்தை அழுத்தினேன், 'கிளிக்' கேட்டதாக நினைத்துக்கொண்டு நகர்ந்தேன். பின்னால் வந்த பப்பா இழுத்தார். பூட்டு அவர் கையோடு வந்தது. உள்ளே மொட்டையன் என்ற பெரிய ஆண் உட்கார்ந்திருந்தான். அவன் என்னையும் பார்க்கவில்லை, பப்பாவையும் பார்க்கவில்லை. பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பப்பா திட்டவில்லை. சாயங்காலம் ஒரு கதை சொன்னார், காப்பகங்களில் வேலை பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. சியரா லியோனில் டாக்குகாமா என்று ஒரு காப்பகம். அதை 1995-ல் தொடங்கியவர் பாலா அமரசேகரன். பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இலங்கையில் பிறந்தவர், தொழிலால் கணக்காளர். 1988-ல் ஒரு கிராமத்தில் நோஞ்சான் குட்டி ஒன்றைப் பரிதாபப்பட்டுக் காசு கொடுத்து வாங்கி, புரூனோ என்று பெயர் வைத்து, வீட்டில் வளர்த்தார். காப்பகத்துக்கே அதுதான் ஆரம்பம். புரூனோ வளர்ந்து கூட்டத்துக்குத் தலைவன் ஆனது. 2006 ஏப்ரலில் புரூனோவும் மற்றவையுமாக 31 சிம்பன்சிகள் வெளியேறின. அன்று வெளியே அவற்றிடம் மாட்டிய ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். 27 சிம்பன்சிகள் பிறகு திரும்பின, சில தாமாகவே நடந்து வந்தன. புரூனோவும் இன்னும் மூன்றும் கடைசிவரை வரவில்லை.

"கையில் தூக்கி வளர்த்தவர் அவர்," என்றார் பப்பா. அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் பூட்டை என் மடியில் போட்டுவிட்டுப் போனார். அன்றிரவு அதை ஐம்பது தடவையாவது பூட்டித் திறந்திருப்பேன்.

பார்க்க வருபவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். ஏன் வேலியில்லாத காட்டில் விட்டுவிடக் கூடாது? வேட்டைத் துப்பாக்கி இல்லாத, வேறு சிம்பன்சிக் கூட்டம் அடித்துக் கொல்லாத காடு வேண்டுமே. காங்கோவின் கொன்குவாட்டியில் 1996 முதல் 37 அநாதைச் சிம்பன்சிகளை விட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆண்களில் சில காட்டு ஆண்களிடம் அடிபட்டுச் செத்தன. அடுத்த கேள்வி, ஏன் பெண்களுக்குக் கருத்தடை? பிறந்த குட்டி ஐம்பது வருஷம் வாழும், அந்த இடம் அடுத்த பொடியனுக்கு வேண்டும். இரண்டு பதிலையும் கேட்டவர்கள் முகம் சுண்டிப்போகும். எனக்கும் முதலில் சுண்டியது.

கிளம்புவதற்கு முந்தின வாரம் பொடியன் மரத்தில் இருந்தான். முகக்கவசத்துக்குப் பின்னால் நின்று, பால் கொடுக்கும்போது செய்வதுபோல நாக்கால் சத்தம் கொடுத்தேன். தலையைத் திருப்பிப் பார்த்தான். அப்புறம் அம்மணி கீழே இருந்து முனகினாள், அவன் இறங்கி அவள் முதுகில் ஏறிக்கொண்டான். இரண்டு பேரும் காட்டுக்குள் போனார்கள்.

கடைசி நாள் சாயங்காலம் நடைபாதைப் பூட்டை நான் பூட்டினேன். இழுத்தும் பார்த்தேன். பப்பா என் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறு கையால் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.